அம்பத்தூர்க் காகமும் அறுபத்திரண்டு நோக்கங்களும்

“பதற வேண்டாம்” என்று என் மகள் கிருபா எழுதியிருந்தாள். அவள் அப்பாவுக்கு அந்த வரி ஆறுதலாக இருந்தது. அவர் இன்லண்ட் லெட்டரைத் திருப்பி மடிப்பதற்குள் நான் பையில் நான்கு புடவைகளை மடித்து வைத்துவிட்டேன்.

செய்தி இதுதான். கிருபா அம்பத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. இன்னும் நிரந்தரம் செய்யவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் கற்பித்தல் நோக்கங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். அவள் கொடுத்ததைத் தாளாளர் அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். சரியாக எழுதிக் கொடுக்காவிட்டால் வேலை போனாலும் போகும். பதற வேண்டாம்.

கற்பித்தல் நோக்கங்கள்! நான் கோவில்பட்டியில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறவள். பாடக்குறிப்பில் நோக்கம் எழுதுவதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. புதிதாக வரும் டீச்சர்கள் என் நோட்டை இரவல் வாங்கிப் போவார்கள். மகளுக்கு வந்த கஷ்டம் எனக்குத் தெரிந்த பாடத்திலேயே வந்திருக்கிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. 

“வரச்சொல்லியா எழுதியிருக்கா?” என்றார் இவர்.

“வரவேண்டாம்னும் எழுதலயே.”

மெட்ராஸுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லித்தான் அவளை அனுப்பினோம். திங்கட்கிழமை காலை திருநின்றவூரில் இறங்கிப் பார்த்தால் மெட்ராஸ் எனக்குப் பின்னால் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது. ஒரு ஏரி, வரிசையாகப் பனைமரங்கள், கல் நட்டுப் பிரித்த மனைகள், பாதி கட்டிய வீடுகள். அந்த வீடுகளுக்குள் இப்போதைக்கு மாடுகள் குடியிருந்தன. கோவில்பட்டியைவிடச் சின்ன ஊரில் குடியிருந்துகொண்டு மெட்ராஸில் இருக்கிறேன் என்று இவள் கடிதம் போடுகிறாளே என்று நினைத்தேன். தண்ணீர் மட்டும் எங்கள் ஊரைவிடத் தாராளம். குளிக்கிற தண்ணீர் தாராளமாக இருந்தால் கொசுவும் தாராளமாக இருக்கும் என்பதை மறுநாள் காலைக்குள் தெரிந்துகொண்டேன்.

கிருபாவின் ஒற்றை அறை வீட்டில் சுவரில் ஒரு படம்கூட இல்லை. டிராயிங் டீச்சர் வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் கொண்டுபோன கருப்பட்டியையும் கடலை மிட்டாயையும் அலமாரியில் அடுக்கினாள். பையின் அடியிலிருந்து என்னுடைய மூன்று பழைய பாடக்குறிப்பு நோட்டுகள் வெளியே வந்தன.

“இது எதுக்கும்மா?”

“எதுக்கா? நீ என்ன எழுதிக் கொடுத்தன்னு முதல்ல காட்டு.”

ஒரு தாளைக் கொடுத்தாள். மூன்றாம் வகுப்பு என்று தலைப்பு. அதன் கீழ் இரண்டே வரிகள். ‘காகத்தைப் பார்ப்பது. பார்த்துக்கொண்டே இருப்பது.’

“மீதி எங்கட்டி?”

“அவ்வளவுதான்.”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாக டிராயிங் பீரியடில் நாற்பது பிள்ளைகளையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய், நோட்டும் பென்சிலும் இல்லாமல், மதில்மேல் வந்து உட்காரும் காக்காய்களைப் பார்க்க வைத்திருக்கிறாள். பிள்ளைகளின் டிராயிங் நோட்டு வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் பெற்றோர் புகார் செய்திருக்கிறார்கள். தாளாளர் அம்மா தற்செயலாக அந்தப் பக்கம் போய், என்ன வகுப்பு இது என்று கேட்டிருக்கிறார். நாற்பது பிள்ளைகளும் ஒன்றாக “உஷ்!” என்றிருக்கிறார்கள். காக்காய் பறந்துவிடுமாம்.

“பிள்ளைங்க பார்த்துச்சுன்னு நீ எப்படி அளப்ப?” என்று கேட்டேன்.

“அந்தம்மாவும் இதையேதான் கேட்டாங்க.”

“கேக்காம என்ன செய்வாங்க?” என்றேன். அவள் ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவளோடு நானும் மின்சார ரயிலில் கிளம்பினேன். பெண்கள் பெட்டியில் ஏறிய உடனே ஒரு பூக்கூடை என் இடுப்பில் இடித்தது. கூடைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“யம்மா, பைய மேல தூக்கி வையி. குறுக்க வச்சிகினு நின்னா மத்தவங்க எப்டி ஏறுறது?”

எங்கள் ஊர்த் தமிழில் பெயர்த்தால், ‘அம்மா, தயவுசெய்து பையைக் கொஞ்சம் மேலே வையுங்கள்’ என்று பொருள். தயவு அந்த வாக்கியத்தில் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த நிமிடமே பையை அந்தப் பெண்ணே வாங்கி மேலே வைத்து, அதன்மேல் தன் சாப்பாட்டுத் தூக்கையும் வைத்து, எனக்கு நிற்க இடமும் பண்ணிக் கொடுத்தாள்.

“எங்க எறங்கணும்?”

“அம்பத்தூர்.”

“அப்ப இப்பவே வாசாண்ட வந்துரு. ஆவடி தாண்டிச்சின்னா உன்னால நவுர முடியாது.”

கிருபா அப்போதே வாசல் பக்கம் போய்விட்டாள். அம்பத்தூருக்கு இன்னும் எத்தனையோ ஸ்டேஷன் இருக்கிறதே என்று நான் நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் ரயில் நின்ற பிறகு மூட்டையை எடுத்து, செருப்பைத் தேடி, எதிர் சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு இறங்கலாம். இங்கே ஆவடியில் ஒரு ஊரே ஏறியது. அம்பத்தூர் வந்தபோது எனக்கும் வாசலுக்கும் நடுவே முப்பது பேர். கிருபா இறங்கிவிட்டாள். நடைமேடையில் நின்று என்னைப் பார்த்து அவள் ஏதோ சொல்வது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ரயில் கிளம்பிவிட்டது. பட்டரைவாக்கத்திலும் என்னால் இறங்க முடியவில்லை. கொரட்டூரில் பூக்காரப் பெண் என் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள்.

“எறங்குமா, எறங்கு! வில்லிவாக்கம் வரைக்கும் வந்து இன்னா பண்ணப்போற?” பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், “ஊர்லேந்து வந்துகீது, பாவம்” என்றாள்.

எனக்குப் பின்னாலேயே பையும் பறந்து வந்தது. அதற்குள் இருந்த மூன்று நோட்டுகளும் பத்திரமாக இருந்தன. இருந்திருக்க வேண்டாம்.

எதிர்ப்பக்க ரயில் பிடித்து அம்பத்தூர் வந்து சேர்ந்தபோது முதல் பீரியட் முடிந்திருந்தது. தாளாளர் அம்மா கண்ணாடி போட்டவர். கஞ்சி போட்ட நூல் புடவை. மேஜையில் ஒரு பித்தளை மணி. கோபப்படுவார் என்று நினைத்துப் போனேன். அவரோ எனக்கு டீ வரவழைத்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

“கணக்குல நாப்பது நோக்கம் வந்திருக்கு மேடம். அறிவியல்ல அம்பத்தஞ்சு. டிராயிங்ல ஒண்ணே முக்கால்.”

“இரண்டு மேடம்” என்றாள் கிருபா மெதுவாக.

“‘பார்த்துக்கொண்டே இருப்பது’ன்றது முதல் நோக்கத்தோட வால்தானே? அதான் முக்கால் போட்டேன்.” என் பக்கம் திரும்பினார். “நீங்களே டீச்சர். நீங்களே சொல்லுங்க. பீரியட் முடிஞ்சதும் பிள்ளை என்ன செய்யும்னு நமக்குத் தெரியணுமா இல்லையா? ‘பார்க்கும்’னா? கண்ணு இருக்கிற எல்லாரும் பாக்கத்தானே செய்றாங்க?”

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. நானே பயிற்சி டீச்சர்களிடம் இதைத்தான் சொல்வேன். ‘உணர்வர்’ கூடாது, ‘ரசிப்பர்’ கூடாது, ‘அறிவர்’ என்றால் அறிந்ததை எப்படிக் காட்டுவர்? ‘வரைவர்’, ‘பெயரிடுவர்’, ‘பட்டியலிடுவர்’ என்று எழுது. கண்ணுக்குத் தெரிகிற செயலாக இருக்க வேண்டும், எண்ணக் கூடியதாக இருக்க வேண்டும்.

“வியாழக்கிழமைக்குள்ள வந்துரும் மேடம். நான் பாத்துக்கறேன்” என்றேன். பக்கத்தில் நின்ற கிருபாவை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டேன். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். பரிமாறியவரிடம் சொன்னேன். “இன்னாமா, இனிப்பு தனியா காசு குடுத்து வாங்குறவங்க கீறாங்க. உனக்கு சும்மா குடுத்தா கொற சொல்ற” என்றார். இதற்குப் பெயர்ப்பு தேவைப்படவில்லை.

புதன்கிழமை கிருபா ரயிலுக்குப் போனதும் நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. உயிரியலில் படம் என்றால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: படத்துக்கு இரண்டு மதிப்பெண், பாகங்களுக்கு மூன்று. செம்பருத்தியை வரைந்தால் நெடுக வெட்டித் திறந்து சூலகம் வரைக்கும் காட்ட வேண்டும். இருக்கிறது ஒன்று படத்தில் இல்லை என்றால் மதிப்பெண் போய்விடும். அந்த வழக்கத்திலேயே காகத்தையும் எழுதினேன். மாணவர் உடலை மூன்று வளைகோடுகளால் வரைவர். அலகை இரு பகுதிகளாகப் பிரித்துக் காட்டுவர். கண்கள் இரண்டையும் சரியான இடத்தில் குறிப்பர். கால்கள் இரண்டு, ஒவ்வொரு காலிலும் விரல்கள் நான்கு, அவற்றுள் ஒன்று பின்னோக்கி. இருபது நிமிடங்களுக்குள் முடிப்பர். ஒன்றாம் வகுப்பு மாம்பழத்தில் தொடங்கி எட்டாம் வகுப்புத் தேர்த் திருவிழா வரைக்கும் மொத்தம் அறுபத்திரண்டு. அறிவியல் டீச்சரைவிட ஏழு அதிகம்.

பூந்தமல்லியில் தமிழ் டைப் அடித்து ஸ்டென்சில் வெட்டிப் பிரதி எடுத்துத் தருகிற ஒரு பாய் இருக்கிறார் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். பஸ் பிடித்துப் போனேன். கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான கடை. ரஹீம் பாய் ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்துக்கொண்டே அடித்தார்.

“‘ஒவ்வொரு காலிலும் விரல்கள் நான்கு.’ டீச்சரம்மா, இது டிராயிங் கிளாஸா, கறிக்கடையா?”

“அடிங்க பாய்.”

“அடிக்கிறேன், அடிக்கிறேன். ஆனா ரொம்பத் தெளிவா எழுதிருக்கீங்கம்மா. இதை வச்சுக்கிட்டு நானே காக்கா வரைஞ்சிடுவேன் போலிருக்கு.”

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதும் பாராட்டாகத்தான். அந்த வாக்கியத்துக்குள் என் மகளின் வேலை போய்க்கொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பிரதிகள் காயும் வரைக்கும் பக்கத்துக் கடையில் பிரியாணி சாப்பிடச் சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம் பிரியாணி என்றால் மசாலா கண்ணில் தண்ணீர் வரவைக்கும். இது சாதுவான பிரியாணி. வாசனை மட்டும் தெருமுனை வரைக்கும் வந்தது. ஆனால் கடைக்குப் போகும் முன் பிரதிகளை ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். என் கட்டைவிரலில் ஸ்டென்சில் மை. இருபது பிரதிகளிலும் மூலையில் என் ரேகை. சோப்புப் போட்டும் மை போகவில்லை. அன்றைக்குப் பிரியாணியிலும் கொஞ்சம் மை போயிருக்கும்.

வியாழக்கிழமை ரயிலில் ஆவடிக்கு முன்பே வாசலுக்கு வந்துவிட்டேன். கட்டின் முதல் பக்கத்தில் ‘தயாரித்தவர்: ஓவிய ஆசிரியை’ என்று இருந்தது. கிருபா பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைத் திருப்பித் தந்தாள். முழுக்க வாசிக்க நேரம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தாளாளர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எட்டாம் வகுப்புக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“அருமை. இதுதான் நோக்கம். இதுல ஒரு இடத்துலகூட சந்தேகமே வரல.” கட்டை மூடி வைத்தார். “இவ்வளவு தெளிவா இருந்தா இதை யார் வேணும்னாலும் நடத்தலாமே.”

பித்தளை மணியை அடித்தார். பி.டி. மாஸ்டர் துரை வந்து நின்றார். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ. நாளைக்கு நிர்வாகக் குழு முன்னால் மூன்றாம் வகுப்புக்கு அவர் இந்தத் தாளை வைத்துக் காகம் நடத்த வேண்டும். சரியாக வந்தால் அடுத்த பருவத்திலிருந்து டிராயிங் பீரியடை அவரே பார்த்துக்கொள்வார். தனியாக ஒரு டீச்சர் தேவையில்லை. கிருபா டீச்சருக்கு நல்ல சான்றிதழ் கொடுத்து அனுப்பலாம். எல்லாவற்றையும் தாளாளர் அம்மா மிகவும் மரியாதையாகச் சொன்னார். எனக்கு மறுபடியும் டீ வந்தது. டம்ளரைப் புதன்கிழமை உழைப்பின் முதல் பக்கத்தின்மேலேயே வைத்துவிட்டேன்.

வராந்தாவில் துரை மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா டீச்சரம்மா இப்டிப் பண்ணிட்டீங்க? எனக்கு கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போடத்தான் வரும். காக்காவுக்கு நான் எங்க போவேன்?”

“தெரியாம செஞ்சிட்டேன் தம்பி.”

“தெரியாம செஞ்சதே அறுபத்திரண்டு கீது. தெரிஞ்சு செஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?”

வீட்டுக்கு வந்து கிருபா பீன்ஸ் நறுக்கினாள். எப்போதும் பேசிக்கொண்டே நறுக்குகிறவள். எல்லாத் துண்டும் ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தது.

“நான் வேணா காலையில போய் அந்தம்மாகிட்டப் பேசட்டுமா?”

“நீங்க எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா” என்றாள். “அதான் பிரச்சனை. தப்பு இருந்தா நான் திருத்திருப்பேன்.” கடைசிப் பீன்ஸையும் நறுக்கி முடித்தாள். “நாளைக்கு நீங்க வீட்ல இருங்க. எதையும் சொல்லவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்.”

வீட்டில் இருந்தேன். அடுத்த ரயில் வரும் வரைக்கும்.

மூன்றாம் வகுப்புக்கு வெளியே ஜன்னலோரம் நின்றேன். உள்ளே பின்வரிசையில் தாளாளர் அம்மாவும் குழுவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஆவடியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். இன்னொருவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். கிருபா மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேஜைமேல் பக்கவாட்டில் நிற்கிற காகத்தின் களிமண் பொம்மை ஒன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிகிற மாதிரி.

துரை மாஸ்டர் விசில் ஊதினார்.

“ஒண்ணாவது நோக்கம். ஒடம்பு. மூணு வளைகோடு. ஸ்டார்ட்!”

நாற்பது பென்சில்கள் ஓடின. மறுபடியும் விசில். “ரெண்டாவது. அலகு. ரெண்டாப் பிரி!” விசில். “மூணாவது. கண்ணு ரெண்டு. சரியான எடத்துல போடு!”

அங்கேதான் வகுப்பு நின்றது. ஒரு பையன் எழுந்தான். “சார், ஒரு கண்ணுதான் தெரியுது.”

“இன்னொன்னு இருக்குல்ல?”

“இருக்குது சார். அந்தாண்டப் பக்கம் கீது.”

துரை மாஸ்டர் தாளைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். “தாள்ல ரெண்டுன்னு கீது. ரெண்டு போடு.”

ஜன்னல் வழியாக நானும் பொம்மையைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பறவைகளை வெட்டித் திறந்து கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு கண்தான் தெரியும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதியிருந்தேன். கண்ணுக்குத் தெரிவதை எழுதவில்லை.

பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். சிலர் ஒரே கன்னத்தில் இரண்டு கண்ணும் போட்டார்கள். ஒருவன் முதல் கண்ணுக்கு மேலேயே இரண்டாவதைப் போட்டு, காகத்துக்கு வந்த தலைவலியை நன்றாகக் காட்டியிருந்தான். ஒருவன் கழுத்தில் போட்டான். குழுவினர் எழுந்து வரிசை வரிசையாகப் போய்க் கண்களை எண்ணினார்கள். மூன்றாவது வரிசையில் பர்வீன் என்ற சிறுமியிடம் நின்றார்கள்.

“இதுல ஒண்ணுதான் இருக்கு. ஃபெயில்” என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

“பின்னாடி பாருங்க சார்” என்றாள் பர்வீன்.

தாளைத் திருப்பினார்கள். வெறும் வெள்ளைப் பக்கம். நடுவே தனியாக ஒரு கண். முன்பக்கக் கண் இருந்த அதே இடத்தில். சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தி இடம் பார்த்திருக்கிறாள்.

“இது பாஸ்” என்றார் வரைபடக்காரர் உடனே. “நாங்க இப்படித்தான் போடுவோம். முன்பக்கத் தோற்றம், பின்பக்கத் தோற்றம்.”

“என்ன சார் நீங்க? துணியோட பின்பக்கத்தைக் காட்டினா எவன் வாங்குவான்?”

“நோக்கத்துல பக்கம் சொல்லலையே. ரெண்டுன்னுதான் சொல்லிருக்கு. ரெண்டு இருக்கு.”

இருவரும் பெஞ்சுகளுக்கு நடுவே நின்று வாதாடினார்கள். துரை மாஸ்டர் நடுவர் மாதிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் வரைபடக்காரர் குனிந்து கேட்டார். “ஏம் பாப்பா, எல்லாரும் மாதிரி ரெண்டையும் ஒரே பக்கம் போட்டிருக்கலாமே?”

“காக்கா அப்டிப் பாக்காது சார். ஒரு கண்ணால நம்மளப் பாக்கும். அப்பறம் தலையத் திருப்பி அந்தாண்டக் கண்ணால பாக்கும். ரெண்டும் ஒரே பக்கம் இருந்தா அது ஏன் தலையத் திருப்பப்போவுது?”

வரைபடக்காரர் தாளை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

“இதை யார் சொல்லிக்குடுத்தா?” என்றார் தாளாளர் அம்மா.

“யாரும் சொல்லல மேடம். மதில்மேல உக்காந்துச்சி. பாத்தோம்.”

தாளாளர் அம்மா கிருபாவிடம் திரும்பினார். அவர் குரல் முதல்முறையாகக் கடினமாக இருந்தது. “அப்ப இந்தத் தாள்ல தப்பு இருக்கு. நீங்கதானே எழுதினீங்க?”

தாள் சரி என்றால் அவள் தேவையில்லை. தாள் தப்பு என்றால் தப்பாக எழுதியவள் அவள். இரண்டு கதவையும் நானே வெளியிலிருந்து பூட்டியிருந்தேன். கிருபா என்னைப் பார்க்கவே இல்லை. “ஆமா மேடம்” என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

“இல்ல!” என்றேன் ஜன்னல் வழியாக.

நாற்பது பிள்ளைகளும் திரும்பினார்கள். நான் கம்பிகளுக்கு நடுவே மை அழியாத கட்டைவிரலை நீட்டினேன். “அறுபத்திரண்டும் நான் எழுதினது. எல்லாப் பிரதியிலேயும் என் ரேகை இருக்கு, பாருங்க. அவகிட்ட நான் கேக்கக்கூட இல்ல. தப்பு எல்லாம் என்னுது மேடம்.”

“அப்ப கிருபா டீச்சர் எழுதினது?”

“ஒண்ணே முக்கால்” என்றேன்.

வரைபடக்காரர்தான் முதலில் சிரித்தார். தாளாளர் அம்மா சிரிக்கவில்லை, கோபமும் படவில்லை. கிருபாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு வாரம் பாத்தா கடைசியில என்ன கிடைக்கும்? அளக்கிற மாதிரி சொல்லணும்.”

கிருபா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். “ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு அதுக்கு முன்னாடி தெரியாத மூணு விஷயத்தைச் சொல்லும் மேடம். அதுக்கப்புறம் வரையும்.”

“மூணுன்னா எண்ணலாம்” என்று சொல்லித் தாளாளர் அம்மா எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானம் முடிவு சொன்னார்கள். மாதத்தில் முதல் வாரம் நோட்டு இல்லாமல் பார்க்கலாம். மற்ற மூன்று வாரமும் தாளில் ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெற்றோருக்குப் பதில் சொல்ல முடியாது. தகுதிகாண் பருவம் இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு. நிரந்தரம் இல்லை, வேலை இருக்கிறது. என் அறுபத்திரண்டும் ஆபீஸ் கோப்பில் இருக்கும். யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு. துரை மாஸ்டர் செய்தி கேட்டதும் மைதானத்தில் காரணமில்லாமல் நீளமாக ஒரு விசில் ஊதினார்.

கிருபா வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றாள்.

“வீட்ல இருங்கன்னு சொன்னேன்ல?”

“சொன்ன.”

“ஜன்னல் வழியா கத்துறீங்க. பிள்ளைங்க நாளைக்கு என்னைக் கிண்டல் பண்ணும்.” என் முகத்தைப் பார்த்தாள். “சாப்பிட்டீங்களா?”

சாப்பிட்டிருக்கவில்லை. அவளுடைய டிபன் பாக்ஸில் பாதியை மூடியில் தள்ளிக் கொடுத்தாள். முந்தின நாள் பீன்ஸ்தான்.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வகுப்பு. என்னை வழியனுப்ப லீவு போடுகிறேன் என்றாள். இந்த வாரம் நான் பார்த்த வேலைக்கு லீவும் சேர்ந்தால் தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ரயில் கூட்டத்துக்குப் பயந்து பாரிமுனை, இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற பாரிஸ், போகிற பஸ்ஸில் ஏறினேன். ஆவடி போனது, திருமுல்லைவாயில் போனது. தொழிற்பேட்டைக்குப் போகிற சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. பஸ் அவற்றுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே அம்பத்தூருக்குள் வந்தது. பள்ளிக்கூட மதில் தெரிந்தது. கேட் திறந்திருந்தது.

மூன்றாம் வகுப்பு மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. யார் கையிலும் நோட்டு இல்லை; மாதத்தின் முதல் வாரம்தான், அனுமதி உண்டு. எல்லாத் தலையும் மேலே பார்த்தபடி. கிருபா பின்னால் இடுப்பில் கைவைத்து நின்று, அவளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் இரண்டு பையன்கள் காகத்தை விட்டுவிட்டு ஒருவன் தலைமுடியை ஒருவன் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கவனிக்கவில்லை. தாளாளர் அம்மா இந்த நேரத்தில் வெளியே வந்தால்? போய் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போகலாம். பையை எடுத்துக்கொண்டு நான் எழுந்துவிட்டேன்.

“இன்னாமா, எறங்கப்போறியா?” என்றார் கண்டக்டர். “டிக்கெட் பாரிஸ் வரைக்கும்ல எடுத்துகீற?”

“இல்லப்பா. இறங்கல.”

“அப்பறம் ஏன் எழுந்துகினே?”

 சைக்கிள்கள் விலகி பஸ் வேகம் பிடித்தது. கிருபா இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உக்காரும்மா” என்றார் கண்டக்டர்.

உட்கார்ந்தேன்.